மண்ணுக்குள் கிடக்கும் பொருளும் நில அதிர்வு அளவீடும்: ஒரு முழுமையான கள வழிகாட்டி

ஒரே வெடி, ஒரே தொலைவு. தரை ஆடும் வேகத்தை அளக்கும் இரண்டு ஜியோஃபோன்களுக்கும் நடுவே நாலு மீட்டர்தான் இடைவெளி. ஒன்று விநாடிக்கு 6 மி.மீ. காட்டியது, இன்னொன்று 14 காட்டியது. கருவிதான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து இரண்டையும் இடம் மாற்றி வைத்தோம். அடுத்த வெடியிலும் பெரிய எண் அதே இடத்தில்தான் வந்தது. கடப்பாரையைப் போட்டுப் பார்த்தால் ஒரு சாண் ஆழத்திலேயே ‘டொங்’ என்றது. எப்போதோ கைவிட்ட தொட்டி ஒன்றின் மூடி, மேலே மண் ஏறிப் புல் முளைத்துக் கிடந்தது, உள்ளே வெற்றிடம். நிலம் எப்படி ஆடுகிறது என்று அளக்கப் போன நாங்கள், ஒரு மூடி எப்படி ஆடுகிறது என்று அளந்துகொண்டிருந்தோம்.

கல்குவாரி வெடி, தரைக்குள் தூண் இறக்கும் பைலிங், சம்மட்டி அடித்துச் செய்யும் நில ஆய்வு என்று எந்த வேலையாக இருந்தாலும் இந்தத் தொல்லை உண்டு. குழாய், பழைய அஸ்திவாரம், பாறாங்கல், சுரங்கப் பொந்து, கொட்டு மண் எல்லாமே அலையைத் திருப்பும், மறைக்கும், சில இடங்களில் பெருக்கும். இந்தப் பட்டியலில் பலரும் சேர்க்காமல் விடுவது ஒன்று உண்டு: நாம் கையோடு கொண்டுபோய்ப் புதைக்கும் சென்சார். அதற்குப் பிறகு வருகிறேன்.

படி 1: அலைநீளத்தைக் கணக்கிடுங்கள்

களத்துக்குப் போகும் முன்பே போட வேண்டிய கணக்கு இது. அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது. மண்ணில் மேற்பரப்பு அலை விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 10 ஹெர்ட்ஸில் அலைநீளம் 18 மீட்டர், 30 ஹெர்ட்ஸில் 6 மீட்டர், 100 ஹெர்ட்ஸில் 1.8 மீட்டர்.

இனி இதைப் பொருளின் அளவோடு ஒப்பிடுங்கள். 60 செ.மீ. குழாய் ஒன்று 18 மீட்டர் அலைக்குக் கண்ணிலேயே படாது, ஆற்று வெள்ளம் ஒரு குச்சியைச் சுற்றிக்கொண்டு போவது போலப் போய்விடும். 1.8 மீட்டர் அலைக்கு அதே குழாய் மூன்றில் ஒரு பங்கு அளவு. அப்போது அலை சிதறத்தான் செய்யும். நான் கையில் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: பொருள் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். கால் பங்கைத் தாண்டினால் கவனம் வேண்டும். அலைநீளத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் பின்னால் நிழல் விழும், முன்னால் எதிரொலி வரும்.

அகலம் போலவே ஆழமும் முக்கியம். மேற்பரப்பில் அதிகம் பயணிப்பது ராலே அலை, 1885இல் லார்டு ராலே கணிதமாக விளக்கியது. தரையில் வட்டமான ஓர் அடித்தளம் மேலும் கீழுமாக அதிர்ந்தால், வெளியேறும் ஆற்றலில் ஏறத்தாழ 67 சதவீதம் இந்த அலையில்தான் போகிறது என்று 1955இல் மில்லரும் பர்சியும் கணக்கிட்டார்கள். இந்த அலையின் ஆட்டம் ஏறக்குறைய ஓர் அலைநீள ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே 5 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பொருளை 1.8 மீட்டர் அலை தொடாமலே மேலாகப் போய்விடும். 18 மீட்டர் அலை அவ்வளவு ஆழத்துக்கு இறங்கும். ஆனால் பொருள் சிறியதென்றால் பொருட்படுத்தாது.

பள்ளம் வெட்டி அதிர்வைத் தடுப்பது எப்படி என்று 1968இல் ரிச்சர்ட் வுட்ஸ் களத்தில் சோதித்துப் பார்த்தார். வீச்சு, அதாவது ஆட்டத்தின் அளவு, நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமானால், அதிர்வு மூலத்தின் அருகில் வெட்டும் பள்ளம் அலைநீளத்தில் 0.6 பங்கு ஆழமாவது இருக்க வேண்டும், தூரத்தில் வெட்டினால் 1.33 பங்கு வேண்டும் என்றார். இதைத் திருப்பி வாசியுங்கள். உங்கள் தளத்தில் இருக்கும் பழைய வாய்க்காலோ புதைந்த சுவரோ எந்த அதிர்வெண்ணுக்கு மேல் நிழல் போடும் என்று சொல்லிவிடலாம்.

படி 2: பொருள் மண்ணிலிருந்து எவ்வளவு வேறுபட்டது?

அடர்த்தியை அலைவேகத்தால் பெருக்கினால் வருவதை அலைத்தடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பொருட்களின் அலைத்தடையில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு பிரதிபலிப்பு.

போகும் திசைக்குக் குறுக்கே மண்ணை ஆட்டும் குறுக்கலையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணின் அடர்த்தி கன மீட்டருக்கு 1800 கிலோ, வேகம் விநாடிக்கு 180 மீட்டர் என்றால் பெருக்கல் சுமார் 3.2 லட்சம். கான்கிரீட்டுக்கு 2400, வேகம் 2300, பெருக்கல் சுமார் 55 லட்சம். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.89. அதாவது வீச்சில் 89 சதவீதம் திரும்பி வந்துவிடும். வெற்றிடம் என்றால் முழுவதும் திரும்பும்.

இரண்டும் எதிரொலிதான், ஆனால் கருவி காட்டுவது நேர்மாறாக இருக்கும். கான்கிரீட் முகத்தில் எதிரொலியின் துகள் வேகம், அதாவது மண் ஆடும் வேகம், எதிர்த்திசையில் திரும்பி, உள்ளே வரும் அலையை அடித்துவிடும், முகத்தை ஒட்டி ஜியோஃபோன் வைத்தால் எண் பத்தில் ஒரு பங்குக்குச் சரியும். அதே இடத்தில் அழுத்த அளவி வைத்து, நேராக மோதும் அழுத்த அலையை அளந்தால் ஏறக்குறைய இரு மடங்கு காட்டும். வெற்றிடத்தின் முகத்தில் இது தலைகீழ்: வேகம் இரட்டிப்பாகும், அழுத்தம் காணாமல் போகும். ஆகவே “புதைந்த பொருள் அளவீட்டைக் கூட்டுமா, குறைக்குமா?” என்று யாராவது கேட்டால், எந்தக் கருவியால் அளக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமம். தொடர்ந்து அதிரும் வைப்ரோ பைலிங் போன்ற வேலைகளில், போகிற அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து நிற்கும் அலையாகிவிடும். கெட்டியான சுவரை ஒட்டி வேகம் குறைகிறது என்றேன். அங்கிருந்து கால் அலைநீளம் தள்ளி, 30 ஹெர்ட்ஸுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி, அது 1.89 மடங்காக ஏறி நிற்கும். ஒன்றரை மீட்டருக்குள் பத்தில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு வரை! பெரிய, செங்குத்தான முகத்துக்கு நேரே அலை வந்து மோதினால்தான் இவ்வளவு. நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனாலும் ஒரே ஒரு புள்ளியில் அளந்துவிட்டு வருவதில் என்ன ஆபத்து என்பது இதிலேயே தெரியும். ஒற்றை வெடியில் எதிரொலி கொஞ்சம் கழித்து வரும் என்பதால் முதல் துடிப்பு பெரும்பாலும் தப்பிக்கும்.

படி 3: கீழே என்ன இருக்கிறது என்று தேடுங்கள்

வரைபடம் கேளுங்கள், கிடைத்தால் நம்பாதீர்கள். குழாய் போட்டவர் வரைபடத்தில் காட்டிய கோட்டுக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டிருப்பார். குழாய் தேடும் கருவி உலோகக் குழாயையும் மின்கம்பியையும் காட்டும், பிளாஸ்டிக்கை விட்டுவிடும். தரை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் வெற்றிடத்தையும் காட்டும், ஈரக் களிமண்ணில் அதற்கும் கண் தெரியாது.

அப்புறம் நடந்து பாருங்கள். தரை லேசாக உள்வாங்கிய கோடு, சுற்றிலும் பச்சையாக இருக்க ஒரு பட்டை மட்டும் காய்ந்த புல், தார்ச்சாலையில் ஒட்டுப்போட்ட நீளமான தடம், மேன்ஹோல் மூடிகள் வரிசையாகப் போகும் திசை. இவை எல்லாம் வரைபடத்தைவிட நேர்மையானவை.

குழாய் விஷயத்தில் பலர் தவறவிடுவது: அளவீட்டைக் கெடுப்பது பல நேரம் குழாய் அல்ல, அதைப் போட வெட்டிய பள்ளம். 20 செ.மீ. குழாய்க்கு ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக வெட்டி, மண்ணை அப்படியே தள்ளி மூடியிருப்பார்கள். சரியாகத் திமிசு போடாத அந்தத் தளர்ந்த பட்டைதான் அலைக்குப் பெரிய தடங்கல். கருவி அதன்மேல் உட்கார்ந்தால் தொலைந்தது.

இதெல்லாம் இல்லாத இடத்தில் சம்மட்டியே ரேடார். ஜியோஃபோன்களை நேர்கோட்டில் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்து, கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் ஓர் இரும்புத் தகட்டின் மேல் அடியுங்கள். கீழே ஒன்றும் இல்லாவிட்டால் வீச்சு சீராகக் குறைந்துகொண்டே போகும். ஓரிடத்தில் திடீரென்று எகிறி, தாண்டியதும் விழுந்தால், அங்கே ஏதோ கிடக்கிறது. மறுமுனையிலிருந்து அடிக்கும்போது எகிறல் பொருளின் மறுபக்கத்துக்கு மாறும். இரண்டுக்கும் நடுவேதான் பொருள். மேற்பரப்பு அலைகளைப் பல ஜியோஃபோன்களால் அளக்கும் முறையை 1999இல் கன்சாஸ் நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்க், மில்லர், ஷியா ஆகியோர் விரிவாக வெளியிட்டார்கள். மண் அடுக்குகளின் கெட்டித்தன்மையை அறியத்தான் அது. ஆனால் பக்கவாட்டில் மண் சீராக இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கும் முறை என்பதால், வரிசையின் கீழே ஒரு பழைய அஸ்திவாரம் கிடந்தால் கணக்கு இல்லாத அடுக்கை எல்லாம் காட்டும்.

ஒருவருக்குத் தொல்லை இன்னொருவருக்குத் துப்பு. தரையை ஒலியால் அதிரவைத்து, லேசரால் மேற்பரப்பின் வேகத்தை அளந்து, எங்கே தரை அதிகமாக ஆடுகிறதோ அங்கே கண்ணிவெடி என்று கண்டுபிடிக்கும் ஆய்வை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் செய்திருக்கிறார்கள். உள்ளே வெற்றிடமும் வளையும் மேல்மூடியும் உள்ள கண்ணிவெடி சுற்றுமண்ணைவிட எளிதாக ஆடும். எங்களை ஏமாற்றிய தொட்டி மூடியின் சின்னத் தம்பி.

படி 4: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி என்ன என்பதில் தெளிவாக இருங்கள். கட்டடத்துக்கு வரும் அதிர்வா, திறந்த நிலத்தின் அதிர்வா? இரண்டும் ஒன்றாகாது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலிவுட் ஸ்டோரேஜ் என்ற கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பதிவுக்கருவியும், பக்கத்து வாகன நிறுத்தத்தில் இன்னொன்றும் இருந்தன. நிலநடுக்கங்களின்போது இரண்டையும் ஒப்பிட்டால், அடித்தளத்தில் உயர் அதிர்வெண் பகுதி குறைந்திருந்தது. மண்ணுக்குள் இறங்கிய பெரிய கெட்டியான அடித்தளம் சிறு அலைகளைச் சராசரியாக்கி அமுக்கிவிடுகிறது. கட்டடத்தின் அடியில் எடுத்த எண்ணை ‘நிலத்தின் அதிர்வு’ என்று எழுதக்கூடாது.

நிலத்தில் எப்போதும் இருக்கும் நுண் அதிர்வை (இயற்கை இரைச்சலை) கொண்டு மண்ணின் அதிர்வெண்ணை அறியும் முறைக்கு ஐரோப்பாவின் செசாமே திட்டம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நிலத்தடி வாகன நிறுத்தம், குழாய், சாக்கடை மூடி இவற்றின் மேலே அளக்காதீர்கள், செங்குத்து அசைவின் வீச்சு கெட்டுவிடும் என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். வெடி அளவீட்டுக்கும் அதே புத்திமதி. நடைபாதைக் கல், சிமென்ட் தளம், பூந்தொட்டிக்கான தளர்மண் எதுவும் வேண்டாம்.

நகர்த்த முடியாவிட்டால் ஒன்றுக்குப் பதில் மூன்று வையுங்கள்: பொருளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் அதே தொலைவில் ஒன்று. மூன்றாவது எண்தான் பொருள் இல்லாத நிலத்துக்குப் பக்கத்தில் வரும்.

படி 5: நீங்கள் புதைக்கும் சென்சாரும் ஒரு புதைபொருள்தான்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். இருபது மீட்டர் தள்ளி உள்ள குழாயைப் பற்றிக் கவலைப்படுபவர், கையில் இருக்கும் உலோகப் பெட்டியைத் தளர்ந்த மண்ணில் அமுக்கிவிட்டுப் போய்விடுவார். அலைக்கு அதுவும் அந்நியப் பொருள்தான், அதுவும் அளக்கும் புள்ளியிலேயே.

ஒரு சின்னக் கணக்கு. மண் ஒரு ஸ்பிரிங், சென்சார் அதன் மேல் ஓர் எடை. 10 செ.மீ. விட்டமுள்ள, 1 கிலோ எடையுள்ள சென்சாரைத் தளர்ந்த மேல்மண்ணில் வைக்கிறீர்கள். அந்த மண்ணின் குறுக்கலை வேகம் விநாடிக்கு 40 மீட்டர். கணக்குப் போட்டால் இந்த ஸ்பிரிங்-எடை ஜோடி சுமார் 130 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். பாதுகாப்புக்காக அதை 3 கிலோ கான்கிரீட் கட்டியில் பொருத்தி மொத்தம் 4 கிலோ ஆக்கினால், மண்ணைத் தொடும் பரப்பு மாறாவிட்டால், சுமார் 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒத்ததிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கிலேயே, தணிப்பை விட்டுவிட்டால், எண் 12 சதவீதம் கூடிவிடும். அதாவது கனமாக வைத்தால் உறுதி என்று நினைத்துச் செய்த வேலை, 22 ஹெர்ட்ஸிலிருந்தே அளவீட்டை வளைக்கத் தொடங்குகிறது. மண் கெட்டியாக, 100 மீட்டர் வேகத்தில் இருந்தால், 1 கிலோ சென்சாருக்கே ஒத்ததிர்வு 350 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும், தொல்லை இல்லை. புல்லையும் மேல்மண்ணையும் சீவி எடுத்துவிட்டு வையுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று அடர்த்தி. சென்சார் மண்ணைவிட மிகக் கனமாகவோ மிக லேசாகவோ இருந்தால் மண்ணோடு சேர்ந்து ஆடாது. மண்ணுக்கு நெருங்கிய அடர்த்தி உள்ளதாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எப்போது புதைக்க வேண்டும்? வெடிபொருள் பொறியாளர்களின் சர்வதேச சங்கம் தரும் நடைமுறை: எதிர்பார்க்கும் முடுக்கம் 0.2 ஜி-க்குக் கீழே என்றால் (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) புதைக்கத் தேவையில்லை. 0.2 முதல் 1 ஜி வரை புதைப்பதோ இறுக்கிப் பொருத்துவதோ நல்லது, ஆணி மட்டும் குத்தினாலும் ஏற்கலாம். 1 ஜி-க்கு மேல் புதைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கிப் பொருத்த வேண்டும். முடுக்கத்தைக் கண்டுபிடிக்க மி.மீ. கணக்கில் உள்ள வேகத்தை அதிர்வெண்ணாலும் 6.28ஆலும் பெருக்கி, 9810ஆல் வகுத்தால் ஜி கிடைக்கும். விநாடிக்கு 10 மி.மீ., 20 ஹெர்ட்ஸ் என்றால் 0.13 ஜி, சும்மா வைக்கலாம். 50 மி.மீ., 40 ஹெர்ட்ஸ் என்றால் 1.28 ஜி, மண்வெட்டி எடுங்கள்.

குழி சென்சார் உயரத்தில் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. அடியில் ஜல்லியோ வேரோ இருந்தால் பொறுக்கி எடுங்கள். சென்சாரின் ஆணியை அடிமண்ணில் குத்தி, ரசமட்டம் பார்த்து, அம்புக்குறியை வெடியின் பக்கம் திருப்புங்கள். எடுத்த மண்ணையே கட்டி உடைத்து, இரண்டு விரல் கனத்துக்குப் போட்டுப் போட்டுக் குத்தி இறுக்குங்கள். ஒரே தள்ளாகத் தள்ளி மூடினால் சென்சாரைச் சுற்றி நீங்களே ஒரு தளர்ந்த பள்ளம் உண்டாக்கியாயிற்று, படி 3இல் குழாய்க்காரரைத் திட்டியது வீண்.

அழுத்த அளவி புதைப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். அளவி மண்ணைவிடக் கெட்டியாக இருந்தால் சுமையைத் தன் பக்கம் இழுத்து அதிகம் காட்டும். மிருதுவாக இருந்தால் மண் அதன்மேல் வளைவு கட்டிச் சுமையைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும், குறைவாகக் காட்டும். 1936இல் டெர்சாகி மணலுக்கு அடியில் ஒரு சிறு கதவைக் கீழே இறக்கி, மணல் எப்படி வளைவு கட்டுகிறது என்று அளந்து காட்டினார். அலை அடிக்கும்போதும் இதே வேலை நடக்கும். தட்டையான, விட்டத்தைவிடக் கனம் மிகக் குறைந்த அளவியே பிழையைச் சுருக்கும்.

படி 6: நிஜ அளவீட்டுக்கு முன் சோதனை

எல்லா சென்சார்களையும் ஒரே இடத்தில் நெருக்கமாகப் புதைத்து, பத்து மீட்டர் தள்ளி ஓர் அடி அடியுங்கள். எல்லாம் ஒரே வடிவத்தைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறு பேச்சுப் பேசினால் அதன் புதைப்பைச் சரிபாருங்கள். பிறகு தத்தம் இடத்தில் வைத்ததும், பக்கத்தில் தரையை லேசாகத் தட்டுங்கள். சட்டென்று அடங்கினால் நல்லது. மணி அடித்தது போல இழுத்துக்கொண்டே போனால் பிடிப்பு சரியில்லை, எடுத்துத் திரும்பப் புதையுங்கள். சோம்பல்பட்டால் அது அறிக்கையில் வந்து நிற்கும்.

படி 7: பதிவில் அடையாளம் காணுங்கள்

சீக்கிரம் வந்துவிட்ட சின்னத் துடிப்பு: எஃகுக் குழாய் வழியே அலை விநாடிக்கு சுமார் 5100 மீட்டரில் ஓடும். 60 மீட்டரை 12 மில்லிவிநாடியில் கடந்துவிடும். அதே தூரத்துக்கு மண்ணின் அழுத்த அலை, விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில், 150 மில்லிவிநாடி எடுக்கும், 180 மீட்டர் வேக மேற்பரப்பு அலை 333 மில்லிவிநாடி. முக்கிய அலைக்கு வெகு முன்னால் ஒரு சிற்றலை தெரிந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அழுத்த அலை விநாடிக்கு சுமார் 1500 மீட்டரில் போகும், பாறை இன்னும் வேகம். அவையும் முன்கூட்டியே வந்து நிற்கும். தொலைவை மாற்றி அளந்து வேகம் என்னவென்று கண்டால்தான் யார் குற்றவாளி என்று சொல்லலாம்.

அடங்காத வால்: அலை கடந்த பின்னும் ஒரே அதிர்வெண்ணில் ஆடிக்கொண்டே இருந்தால் வெற்றிட மூடியோ, தளர்ந்த சென்சாரோ. சென்சாரைத் திரும்பப் புதைத்தும் அதிர்வெண் மாறாவிட்டால் நிலத்தில்தான் கோளாறு.

மூன்று திசைகளின் விகிதம்: எல்லா வெடியிலும் ஒரு சென்சாரில் மட்டும் செங்குத்து அசைவு பூதாகரமாக வந்தால் கீழே வெற்றிடமா என்று பாருங்கள். குறுக்குத் திசை மட்டும் வளர்ந்தால் பக்கவாட்டில் ஏதோ அலையைத் திருப்பிவிடுகிறது.

படி 8: எண்ணை என்ன செய்வது?

முதலில் இடத்தை மாற்றி அளங்கள். இரண்டு மூன்று மீட்டர் நகர்த்தினாலே பல நேரம் தெளிந்துவிடும். நகர்த்த இடம் இல்லையென்றால் பக்கத்துச் சென்சாரோடு ஒப்பிட்டு, எந்த அதிர்வெண்ணுக்கு மேல் இரண்டும் பிரிகின்றன என்று பார்த்து, அதற்குக் கீழே உள்ளதை மட்டும் நம்புங்கள். படி 1இன் கணக்கும் அதே எல்லையைத் தந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ஏதோ ஒரு திருத்தக் காரணியால் எண்ணைப் பெருக்கிச் ‘சரி’ செய்வதை நான் ஏற்கமாட்டேன். நிற்கும் அலையின் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல் போடும் காரணி வெறும் ஊகம்.

அறிக்கையில் உச்ச வேகத்தோடு அதிர்வெண்ணையும் எழுதுங்கள். சென்சார் வைத்த விதம், குழியின் ஆழம், மண் வகை, பக்கத்தில் தெரிந்த புதைபொருட்கள், அவற்றின் தொலைவு எல்லாம் வேண்டும். மூடுவதற்கு முன் குழியைப் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். அந்தத் தொட்டி மூடி விஷயத்தில் 14 என்ற எண்ணை நாங்கள் அழிக்கவில்லை. “புதைந்த தொட்டியின் மேல் எடுத்தது, நிலத்தின் அதிர்வாகக் கொள்ளக்கூடாது” என்று பக்கத்தில் எழுதி, 6ஐயும் கூடவே வைத்துக் கொடுத்தோம்.